மேல்பக்கம்

பள்ளிக்கரணை துணைமின் நிலையம். இரவுப் பணி எனக்கு.
கத்திரி தொடங்கியதிலிருந்து
பதினோரு மணிக்குத்தான் சுமை உச்சம்:
வேளச்சேரி மொத்தமும் ஏசி போட்டுப் படுக்கிற நேரம்.
அத்தனை பேர் தூக்கமும்
எங்கள் கேபிள் பள்ளத்தைச் சுட வைத்துக்கொண்டு போகிறது.

அந்தச் சூட்டில்தான்
அவள் முட்டையிட்டிருந்தாள்.

மூடுகல்லை நெம்பிய அருளப்பன்
கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு வந்தான்.
"நல்லது, மேடம்.
போகாம நிக்குது."

போன வாரம்தான் வேலியோரம்
இரண்டு பாம்புகள் பின்னி எழுந்து விழுந்தன.
சாரையும் நல்லதும் சேருதென்று
காவலாளி ஏகாம்பரம் தோள்துண்டை எறிந்தார்.
அதை மடித்துப் பீரோவில் வைத்தால் பணம் தங்குமாம்.
பாம்பு பிடிக்க வந்த சடையன் கேட்டுச் சிரித்தார்:
"ரெண்டும் சாரைதான். ரெண்டும் ஆம்பள. மல்லுக்கட்டு.
பொம்பள எங்கியாவது எலி தின்னுட்டு இருந்திருக்கும்."
துண்டு இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

பள்ளத்தின் விளிம்பில் குந்தி
அவசரமே இல்லாமல் பேசினார்.
சாரை இடும், மூடும், போகும்.
கண்ணாடி விரியன் வயிற்றுக்குள்ளேயே பொரித்து
முப்பது நாற்பது குட்டி போட்டுவிட்டுத்
திரும்பிக்கூடப் பார்க்காது.
மலைப்பாம்பு சுற்றிப் படுத்து
உடம்பை உதறி உதறிச் சூடேற்றும்.
இவளுக்குச் சூடு நாங்கள் தருகிறோம்.
இவள் செய்வது காவல் மட்டும்.
"ஆண் தை மாசமே போயாச்சு.
இவ எலி தின்னு எத்தன நாளாச்சோ."

"பாசமா?" என்றேன்.

"பாசம்னா புள்ளைய அடையாளம் தெரியணும்ல?
பொரிஞ்சதும் அதுங்க ஒரு பக்கம், இவ ஒரு பக்கம்.
அப்புறம் வழியில பாத்தா தின்னாலும் தின்னுடுவா."

ஏ.ஈ. போனில் கத்தினார்: காலைக்குள் பள்ளம் காலியாகணும்.

அவளைப் பைக்குள் இறக்கி முடிச்சிட்டதும்
என் பதிவேட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினார்.
கோழி முட்டை போலில்லை,
ஈரத் தோல் போல அமுங்குகிறவை, ஒன்றோடொன்று ஒட்டியவை.
ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீலப் புள்ளி.
"இது மேல்பக்கம். எடுக்கச்ச புரட்டிட்டா
உள்ள இருக்கிறது செத்துடும்."
பதினேழு புள்ளிகள்.
'தீ' என்று எழுதிய சிவப்பு வாளியின் மணலில்
வரிசை மாறாமல் இறங்கின.

செங்கல்பட்டு விடுதியில் எஸ்தர் என்றொரு வார்டன்.
எங்கள் பெயர்களை மாற்றி மாற்றிக் கூப்பிடுவாள்.
அம்மை போட்டு நாங்கள் ஒன்பது பேர் கிடந்த வாரம்
வாசலில் இரும்பு நாற்காலியைப் போட்டு
ஏழு இரவு உட்கார்ந்திருந்தாள்.
எட்டாம் நாள் மாற்றல் உத்தரவு.
பெட்டியோடு ஆட்டோ ஏறியவள் கையசைக்கவில்லை.
அதை என்னவென்று சொல்வது,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
சம்பளம் என்றார்கள் சிலர்.

அவளை அன்றிரவே நன்மங்கலம் காட்டில் விட்டார்கள்.
பை திறந்ததும்
நேராகப் போய்விட்டாளாம்.
சடையன் சொன்னதை
நான் முழுதாக நம்பவில்லை.
மீதிக் காவல் நாட்களை
எந்தப் புதர் முன்னால் நின்று கழித்தாளோ.

பதிவேட்டில் எழுதினேன்:
"23.40. பள்ளம் 3 சரி. மின்தடை இல்லை."
பாம்புக்குக் கட்டம் இல்லை.

பத்தொன்பதாம் நாள் விடியலில்
போனுக்கு ஒரு படம் வந்தது.
பென்சில் கனத்தில் பதினான்கு,
சிவப்பு வாளிக்குள்,
முட்டைத் தோல் இன்னும் வாலில் ஒட்டியிருக்க
கேமராவைப் பார்த்துப் படமெடுத்து நிற்கின்றன.
விஷமும் இருக்கிறதாம், முதல் மூச்சிலிருந்தே.
யாரும் காட்டித் தரவில்லை.

வாளி திரும்பி வரவில்லை.
ஆண்டுத் தணிக்கையில் ஒன்று குறைகிறது,
விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

மூன்று பொரியவில்லை.
சடையன் எடுத்துப் பார்த்தாராம்.
புள்ளி சரியாகத்தான் இருந்தது,
மேல்பக்கம்.